கதவு நிலையில் இருந்த கோடுகள்

அக்காவுக்கு மருந்துக்கடை. தம்பிக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வேலை. ஒரே ஊரில் இருந்தும் இருவரும் சேர்ந்து எங்கேயாவது போய் வந்து வருஷக்கணக்காகிவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை தம்பி கடை வாசலில் வண்டியை நிறுத்தி, "ஏறுக்கா, நம்ம பழைய வீட்டைப் பாத்துட்டு வந்துடலாம்" என்றதும், அக்கா மறுபேச்சில்லாமல் ஷட்டரை இழுத்துவிட்டு ஏறிக்கொண்டாள்.

பழைய வீடு என்றால் சொந்த வீடு இல்லை, சின்ன வயதில் வாடகைக்கு இருந்தது. அவர்களுக்கு முன்னால் அங்கே குடியிருந்த குடும்பத்துப் பையன் பிற்பாடு பெரிய இசையமைப்பாளராகிக் கடல் தாண்டியும் பேர் வாங்கிவிட்டார். நகராட்சி விடுமா? வீட்டை வாங்கி, வெள்ளையடித்து, அவர் வளர்ந்த இல்லம் என்று பலகை மாட்டி மியூசியம் ஆக்கிவிட்டது.

"நாமளும்தான் இங்க வளர்ந்தோம். நம்மளப் பத்தி ஒரு வார்த்தை இருக்கா பாரு" என்றான் தம்பி, பலகையை மேலும் கீழும் பார்த்து.

"நாம வளர்ந்து என்னத்தக் கிழிச்சோம்? பேசாம வா."

உள்ளே ஒரு பெண் ஏழெட்டுப் பேரைச் சேர்த்துக்கொண்டு வீட்டைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தாள். வேலைக்குப் புதுசு என்பது பேச்சிலேயே தெரிந்தது. மனப்பாடம் செய்ததை ஒரு வரி விடாமல் ஒப்பித்தாள். ஜன்னல் பலகையில் இருந்த கருகின தழும்பைக் காட்டி, "இங்க மெழுகுவர்த்தி வெச்சுக்கிட்டு விடிய விடிய இசை எழுதுவாராம்" என்றாள்.

தம்பி அக்காவின் காதருகே குனிந்தான். "அது நான் இஸ்திரிப்பெட்டியை வெச்சுட்டு விளையாடப் போனது."

அக்கா அவன் கையைக் கிள்ளினாள். சிரிப்பு வந்துவிடுமோ என்று அவளுக்குப் பயம். அப்பாவிடம் அன்றைக்கு அவன் வாங்கிய அடி நினைவுக்கு வந்தது. அவனுக்காக இவள் பொய் சொல்லி, இவளும் சேர்ந்து வாங்கினாள்.

அடுத்து படுக்கையறை. அதன் கதவு நிலையில் கண்ணாடி பதித்து, மேலே குட்டி விளக்கு போட்டிருந்தார்கள். கண்ணாடிக்குப் பின்னால் பென்சில் கோடுகள், ஒன்றின்மேல் ஒன்றாக.

"இதுதான் இந்த வீட்டோட பொக்கிஷம்" என்றாள் அந்தப் பெண். "மகன் வளர வளர அப்பா இங்க நிக்க வெச்சுக் கோடு போட்டிருக்கார். எல்லாத்துக்கும் கீழ இருக்கே, அது ஒரு வயசுல முதல்முதலா எழுந்து நின்னப்போ."

தம்பி அதுவரை அடக்கி வைத்திருந்தது பொறுக்க முடியாமல் வந்துவிட்டது. "அது எங்க நாய்ங்க" என்றான்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"குண்டுன்னு கூப்பிடுவோம். எங்களை அளக்கும்போது அதுவும் வந்து நிக்கும். சரின்னு எங்கப்பா அதுக்கும் ஒரு கோடு போட்டார், காதோட சேத்து. மத்ததெல்லாம் நானும் இவங்களும். வலது பக்கம் சாய்ஞ்ச கோடு இவங்களது, நேர்கோடு என்னது."

அந்தப் பெண்ணின் முகம் சுண்டிப்போனது. அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. "அவன் கிடக்கான், நீ சொல்லும்மா" என்றாள். ஆனால் கூட்டம் விடுவதாக இல்லை. ஒருவர் மறுபடி நாயைப் பற்றிக் கேட்டார். இன்னொருவர், அப்படியானால் மெழுகுவர்த்தி கதையும் டூப்பா என்றார். சத்தம் கேட்டுப் பொறுப்பாளர் வந்தார். ஒல்லியான மனிதர். கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையின் பட்டையை இழுத்து இழுத்துச் சரிசெய்துகொண்டே பேசினார்.

"இந்த மாதிரி மாசத்துக்கு ஒருத்தர் வந்து சொந்தம் கொண்டாடுறாங்க சார்."

"நான் சொந்தம் கொண்டாடல. என் உயரத்தை இன்னொருத்தர் பேர்ல எழுதியிருக்கீங்க, அதைத்தான் சொல்றேன்."

"அவரையே கேட்டுட்டாப் போச்சு" என்றது கூட்டத்திலிருந்து ஒரு குரல்.

இந்த ஆளின் வாயை அடைக்க அதைவிட நல்ல வழி இல்லை என்று பொறுப்பாளருக்கும் தோன்றியிருக்க வேண்டும். போனை எடுத்து, இசையமைப்பாளரைக் கூப்பிட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி வைத்து, மிகப் பணிவாக விஷயத்தைச் சொன்னார். மறுமுனையில் வயதான குரல் ஒன்று மெல்லச் சிரித்தது.

"அவர் சொல்றது சரிதான். அந்தக் கோடெல்லாம் என்னது இல்ல."

பொறுப்பாளரின் கை பட்டையிலேயே நின்றுவிட்டது. "ஐயா, திறப்பு விழாவுல நீங்க பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துக்கிட்டீங்களே."

"எடுத்துக்கிட்டேன். எங்கப்பா கண்டிப்பான மனுஷன். நான் எத்தனை மணி நேரம் வாசிச்சேன்னு பார்ப்பார், எவ்வளவு வளர்ந்தேன்னு பார்த்ததில்ல. அன்னிக்கு நீங்கள்லாம் அந்தக் கோட்டை அவ்வளவு ஆசையாக் காட்டினீங்க. ஒரு நிமிஷம், என்னையும் யாரோ நிக்க வெச்சு அளந்த மாதிரி இருந்துச்சு. மறுத்துச் சொல்ல வாய் வரல."

தம்பியின் வீராப்பெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். அக்காதான் போனருகே போனாள்.

"ஐயா, இவன் சும்மா விளையாட்டுக்குச் சொன்னான். அது உங்களதாவே இருக்கட்டும். எங்களுக்கு ஒண்ணும் குறைஞ்சு போயிடாது."

"அதெப்படிம்மா? உங்கப்பா போட்ட கோடு. ஆமா, உங்க ரெண்டு பேர்ல யார் உயரம்?"

"நான்தான்" என்றாள் அக்கா.

"பன்னெண்டு வயசு வரைக்கும்தான்" என்றான் தம்பி.

"அப்ப நீ எக்கி நின்ன. அப்பா பாக்கல, நான் பார்த்தேன்."

இருவரும் ஊர் பேர் தெரியாதவர்கள் நடுவில், போனில் ஒரு பெரிய மனிதர் காத்திருப்பதையும் மறந்து, சண்டை போட்டார்கள். சுற்றிக் காட்ட வந்த பெண்ணே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மறுமுனையில் இருந்தவர், தான் அடுத்த மாதம் வருவதாகவும், அவர்கள் இருவரும் அவசியம் வந்து தன்னையும் அந்த நிலையில் அளக்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டு வைத்தார்.

சொன்னபடியே வந்தார். குட்டையான மனிதர், முதுகு லேசாக வளைந்திருந்தது. கண்ணாடியை ஏற்கெனவே கழற்றி வைத்திருந்தார்கள். அவர் செருப்பை விட்டுவிட்டுப் பள்ளிக்கூடப் பையன் போல நிலையில் ஒட்டி நின்றார். அக்கா அவர் தலைமேல் அட்டையை வைத்து அழுத்த, தம்பி கோடு போட்டான். தம்பியின் பதினான்கு வயதுக் கோட்டுக்குக் கொஞ்சம் கீழேதான் வந்தது.

"முடியைப் போட்டு அமுக்கிட்டீங்க, மறுபடி அளங்க" என்றார்.

"ஒரு தடவைதான் ஐயா. எங்க வீட்டு வழக்கம்" என்றாள் அக்கா.

அவர் திரும்பி நின்று தன் கோட்டை விரலால் தொட்டுப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பொறுப்பாளர் அடுத்த அறைக்குக் கை காட்டி, "வாங்க ஐயா, உங்க பியானோ இருக்கு" என்றார்.

"அதை எனக்குத் தெரியும். இவங்க இருந்த வீட்டை நான் இன்னும் பாக்கலையே" என்றார் அவர்.

அக்கா அவரை அழைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். கூரை ஒழுகியபோது அண்டா வைத்த இடம், அம்மா தையல் மெஷின் போட்டிருந்த மூலை, தம்பி ஒளிந்துகொண்டு மாட்டிய அலமாரி என்று ஒவ்வொன்றாகக் காட்டினாள். அவர் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே வந்தார்.