ஓப்பன் பேக் வாபஸ் இல்லை

அசீமுக்குப் பகை வைத்துப் பழக்கமில்லை. பள்ளிக்கூடத்தில் தன் சைக்கிள் டயரில் காற்றைப் பிடுங்கிவிட்டவனைப் பழிவாங்கியே தீருவது என்று சபதம் போட்டு, மறந்துபோய், மூன்றாம் நாள் அவனையே பின்னால் உட்காரவைத்து மிதித்தவன். அப்படிப்பட்டவன் முப்பத்தோரு வயதில் முதல்முறையாக ஒரு பகையைச் சோறு போட்டு வளர்த்துக்கொண்டிருந்தான். டவுன்ஹால் ரோட்டுக்குப் பக்கத்துச் சந்தில் எலக்ட்ரானிக்ஸ் கடை வைத்திருக்கும் செல்வக்குமார் மீதுதான் பகை.

காரணம் ஒரு ஹெட்போன்.

வில்லாபுரத்தில் அசீமின் வீடு என்பது ஒரு ஹால், ஒரு அடுப்படி, கதவு இருக்க வேண்டிய இடத்தில் திரைச்சீலை தொங்கும் ஒரு படுக்கையறை. மனைவி ஷாஹீதா தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். பாதி மாதம் நைட் டூட்டி. அந்த நாட்களில் அவள் பகலில்தான் தூங்க வேண்டும். அசீமுக்கு வீட்டிலிருந்தபடியே இன்சூரன்ஸ் க்ளெய்ம்களைச் சரிபார்க்கும் வேலை. பாட்டு இல்லாமல் அந்த வேலையைச் செய்யவே முடியாது என்பது அவன் கட்சி. பாட்டு என்றால் மெலடி இல்லை, மெட்டல். நாலு பேர் கிடாரையும் டிரம்மையும் உடைக்கிற வேகத்தில் வாசிக்க, ஐந்தாவது ஆள் தொண்டையில் முள் சிக்கியவன் மாதிரி கத்துவான். அதைக் கேட்டால் அசீமுக்கு மனசு அமைதியாகும். ஏன் என்று அவனுக்கும் தெரியாது.

பழைய இயர்போன் ஒரு பக்கம் செத்துப்போனபோது ஷாஹீதா தன் போனஸிலிருந்து நாலாயிரத்தை எடுத்து நீட்டினாள்.

"நல்லதா ஒன்னு வாங்கிக்கங்க. ஒரே கண்டிசன். நான் தூங்கையில அந்த ஆளு கத்துறது எனக்குக் கேக்கக் கூடாது."

அசீம் மூன்று வாரம் வீடியோ பார்த்தான். காதை மூடும் கிண்ணத்தின் முதுகு சல்லடை மாதிரி திறந்திருந்தால் அது ஓப்பன் பேக். சத்தம் வெளியே ஒழுகும். முதுகு அடைத்திருந்தால் க்ளோஸ்டு பேக். சத்தம் பெரும்பாலும் உள்ளேயே கிடக்கும். ஆக, வேண்டியது க்ளோஸ்டு பேக். ஆனால் விலை குறைந்த க்ளோஸ்டு பேக்குகளில் பாதி, பேஸ் என்கிற கனத்த ஒலியை அள்ளிக் கொட்டுகிறவை. டிரம்காரன் இரண்டு காலாலும் உதைக்கிற உதை தனித்தனியாகக் கேட்காது. மாவு மில் ஓடுகிற மாதிரி ஒரே குமுறலாகிவிடும். கிடாரின் கரகரப்பு தெரிய வேண்டும், காதைக் கிழிக்கக் கூடாது. இறுக்கிப் பிடிக்க வேண்டும், மூக்குக்கண்ணாடியோடு போட்டால் வலிக்கக் கூடாது. எல்லாம் நாலாயிரத்துக்குள். பெண் பார்க்கப் போனபோது அசீம் இத்தனை நிபந்தனை வைத்ததில்லை. வைத்திருந்தால் ஷாஹீதா வீட்டில் டீகூடக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

காதில் வைத்துப் பார்த்து வாங்கலாமே என்றுதான் கடைக்குப் போனான். போய் நின்றதும் அதைக் கேட்க வெட்கமாகிவிட்டது.

"அண்ணே, மெட்டலுக்கு ஏத்த மாதிரி ஒரு ஹெட்போன் வேணும்."

"மெட்டல்ல வராது தம்பி, எல்லாம் பிளாஸ்டிக்தான்," என்றார் செல்வக்குமார். "ஆனா உடையாது."

"அதில்லண்ணே… சரி, விடுங்க. க்ளோஸ்டு பேக்கா வேணும். அதான் முக்கியம்."

செல்வக்குமாரின் முகம் லேசாகக் கறுத்ததை அசீம் கவனிக்கவில்லை. தன் பட்டியலில் முதலாவதாக இருந்த மாடல் கண்ணாடி அலமாரியில் உட்கார்ந்திருப்பதைக் கண்டுவிட்ட பரவசத்தில் இருந்தான். "அந்தா, அதையே குடுங்க."

"அது ஓப்பன் பேக்," என்று சொல்லிவிட்டு, உள்ளேயிருந்து வேறொரு பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். "இதான் க்ளோஸ்டு பேக்."

வீடியோவில் அந்த மாடலை க்ளோஸ்டு பேக் என்றல்லவா சொன்னார்கள் என்று அசீமுக்குள் ஒரு குரல் முனகியது. இருபத்தைந்து வருடமாகக் கடை நடத்துகிறவருக்குத் தெரியாதா என்று அந்தக் குரலை அவனே அடக்கினான். பெட்டியைப் பிரித்துக் காட்டியபோது கிண்ணத்தின் முதுகில் வட்டமாகக் கம்பிவலை தெரிந்தது. அழகுக்குப் போட்டிருக்கிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டான்.

"உறுதியா க்ளோஸ்டு பேக்தானண்ணே?"

"எம்புட்டுத் தடவ கேப்பீக? உங்க கண்ணு முன்னாடிதான இருக்கு?"

மறுநாள் காலை பத்து மணிக்கு, டூட்டி முடிந்து வந்து படுத்திருந்த ஷாஹீதா திரையை விலக்கிக்கொண்டு வந்தாள். "ஏங்க, பக்கத்து வீட்ல தகரம் எதுவும் அறுக்குறாகளா?"

"இல்லையே."

அவள் கிட்டே வந்து, ஊசி போட இடம் தேடுகிறவள் மாதிரி அவன் தலையைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பினாள். "தகரம் இங்கதான் இருக்கு," என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். அன்று அவள் தூங்கவில்லை. பெட்டியின் அடியில் எறும்பு எழுத்தில் 'செமி ஓப்பன் பேக்' என்று போட்டிருந்ததை அசீம் அப்போதுதான் படித்தான்.

மத்தியானமே கடையில் போய் நின்றான். செல்வக்குமார் பெட்டியைத் தொடக்கூட இல்லை. சுவரில் ஒட்டியிருந்த அட்டையைக் காட்டினார். ஓப்பன் பேக் வாபஸ் இல்லை.

"அப்ப இது ஓப்பன் பேக்னு உங்களுக்குத் தெரியும்?"

"பாத்தாலே தெரியுதே தம்பி."

"நேத்து க்ளோஸ்டு பேக்னு சொல்லித்தான குடுத்தீக?"

"நேத்து அது க்ளோஸ்டு பேக். இன்னைக்கி ஓப்பன் பேக்."

இத்தனை நிதானமாக, கண்ணைப் பார்த்து, சிரிக்காமல் ஒரு மனிதர் பொய் சொல்லி அசீம் பார்த்ததில்லை. அந்த நிமிடத்தில்தான் பகை பிறந்தது.

பிறந்த பகை நன்றாகவே வளர்ந்தது. ஷாஹீதா தூங்கும்போது பாட்டுக்குத் தடை என்பதால், க்ளெய்ம் பார்க்கும் நேரமெல்லாம் அசீம் செல்வக்குமாரை நினைத்தான். நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமா என்று பார்த்தான். விண்ணப்பத்தின் இரண்டாம் பக்கத்திலேயே பயம் வந்துவிட்டது. நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கலாம் என்று வசனம் எழுதினான். நல்ல வசனமெல்லாம் பல் விளக்கும்போது வந்து, வாய் கொப்பளிக்கும்போது போனது. கடைசியில் திட்டம் ஒன்று திரண்டது. சனிக்கிழமை சாயங்காலம் கடையில் கூட்டம் நெருக்கும். அப்போது போய், இந்த ஹெட்போனைக் கல்லாவுக்கு முன்னால் வைத்து, இருப்பதிலேயே கொடூரமான பாட்டை முழுச் சத்தத்தில் ஓடவிட வேண்டும். "கேளுங்கய்யா, இதான் இவரு விக்கிற க்ளோஸ்டு பேக்!" பத்துப் பேர் முன்னால் அந்த ஆள் கூனிக் குறுகி நிற்பதை ஒரு மாதம் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தான். ஒவ்வொரு தடவையும் அவர் இன்னும் கொஞ்சம் குள்ளமானார். பாட்டைத் தேர்ந்தெடுக்கவே மூன்று நாள் ஆனது.

"நானும் வாரேன்," என்றாள் ஷாஹீதா.

"நீ எதுக்கு?"

"அடி விழுந்தா தையல் போட ஆளு வேணாமா?"

கடையில் அவன் நினைத்ததைவிடக் கூட்டம். வேட்டியை மடித்துக் கட்டிய ஒருவர், இடுப்புயர ஸ்பீக்கர் ஒன்றைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அசீம் ஹெட்போனைக் கல்லாவுக்கு முன்னாலிருந்த கண்ணாடி மேசையில் வைத்தான்.

"எல்லாரும் ஒரு நிமிசம் அமைதியா இருங்க!"

எல்லோரும் உடனே அமைதியானார்கள். அதை அவன் எதிர்பார்க்கவில்லை. போனில் பாட்டைத் தட்டினான். ஒரு மாதமாக அவன் கற்பனையில் இடியாக இறங்கிய பாட்டு, தீப்பெட்டிக்குள் மாட்டிய வண்டாக வெளியே வந்தது. ஆனாலும் வந்தது. கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

"கேக்குதா? காதுல வைக்காமலே கேக்குதா? க்ளோஸ்டு பேக்னு சொல்லி இந்த மனுசன் எனக்கு ஓப்பன் பேக்கை வித்துட்டாருய்யா!"

செல்வக்குமார் கல்லாவை விட்டு எழுந்துவந்தார். "யாரைப் பாத்து என்ன சொல்றீக? உங்க முன்னாடிதான பிரிச்சேன்? க்ளோஸ்டு பேக்காத்தான இருந்துச்சு?"

"அது ஓப்பன் பேக்!"

"நீங்க கொண்டுபோகையில க்ளோஸ்டு பேக்!"

"ஒரு நாள்ல அது எப்படிண்ணே ஓப்பன் பேக் ஆகும்?"

"பிரிச்சா ஆகாதா?"

பேச்சு இப்படியே இரண்டு சுற்று போனது. கூட்டம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையைத் திருப்பிப் பார்த்தது. மூன்றாவது சுற்றில் ஷாஹீதா குறுக்கே வந்தாள்.

"ரெண்டு பேரும் ஒரு நிமிசம் நிப்பாட்டுங்க. எந்த பேக்கச் சொல்றீக? முதுகா, பொட்டியா?"

"முதுகு," என்றான் அசீம்.

"பொட்டி," என்றார் செல்வக்குமார்.

கடையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்காதவர்கள் இரண்டு பேர்தான்.

"நான் சீல் பிரிக்காத பொட்டியக் கேக்குறீகன்னுல்ல நெனச்சேன்," என்றார் செல்வக்குமார், மெதுவாக. "அலமாரியில இருந்தது டிஸ்பிளேக்குப் பிரிச்ச பீஸு. அதான் அத ஓப்பன் பேக்குன்னேன். பிரிச்ச மால வித்துருவேன்னு சந்தேகப்பட்டு திரும்பத் திரும்பக் கேக்குறாரேன்னு எனக்கு வயித்தெரிச்சல். மறுநா நீங்க வந்தப்ப மாத்திக் குடுத்திருக்கலாம். குடுக்கக் கூடாதுன்னுதான் குடுக்கல."

அவரும் ஒரு மாதமாகத் தன் மேல் பகை வளர்த்திருக்கிறார் என்று தெரிந்ததும் அசீமுக்கு ஒரு மரியாதைகூட வந்தது. ஆனால் தன் பகையை என்ன செய்வது என்று புரியவில்லை. நூறு பேருக்குப் பிரியாணி ஆக்கிவிட்டுக் கல்யாணம் நின்றுபோனவன் மாதிரி நின்றான்.

அப்போது ஸ்பீக்கரைத் தட்டிக்கொண்டிருந்தவர் கையைத் தூக்கினார். "தம்பி, அந்தப் பாட்ட இந்தப் பொட்டியில போடுங்க பாப்போம்."

அவர் பெயர் கருப்பு, எழுமலையிலிருந்து வந்தவர். பாட்டு ஸ்பீக்கரில் இறங்கியதும் வாசலில் நின்ற இரண்டு பேர் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினார்கள். கருப்பு மட்டும் கண்ணில் ஒளியோடு கேட்டார்.

"ரெண்டு வருசமா எம் பங்காளி பொழுதன்னைக்கும் ஸ்பீக்கர் செட்டுப் போட்டு எங்கள நிம்மதியா இருக்க விடல தம்பி. பதிலுக்குப் போடலாம்னா, நமக்குத் தெரிஞ்ச பாட்டெல்லாம் அவனுக்கும் பிடிக்குது. உக்காந்து ரசிப்பான்யா, அதான் பிரச்சனை. இத அவன் ரசிக்க முடியாதுல்ல?"

"முடியாதுங்க," என்றாள் ஷாஹீதா, அனுபவத்தோடு.

அசீம் அங்கேயே உட்கார்ந்து பதினோரு பாட்டைப் பென்டிரைவில் ஏற்றி, எதற்குப் பிறகு எதைப் போட வேண்டும் என்று வரிசையும் சொல்லிக் கொடுத்தான். ஸ்பீக்கர் ஆட்டோவில் ஏறியது. செல்வக்குமாருக்குக் கோபம் முழுக்கத் தணிந்துவிட்டது.

"அந்தச் சனியனக் குடுங்க. அதே விலையில பிடிச்சத எடுத்துக்கங்க. முதுகு அடைச்சதா அம்புட்டையும் எடுத்து வைக்கிறேன். காதுல வச்சுப் பாத்தே எடுங்க."

"அவரு காதுல வச்சுப் பாத்து என்னத்துக்கு?" என்றாள் ஷாஹீதா. "கேக்கக் கூடாதது எனக்குத்தான?"

அதுவும் நியாயம்தான். அசீம் ஸ்டூலில் உட்கார்ந்தான். ஷாஹீதா ஒரு முழம் தள்ளி நின்று கண்ணை மூடிக்கொண்டாள். செல்வக்குமார் வயரை எடுத்து போனில் செருகுவார், அசீம் பாட்டைத் தட்டுவான், அவள் சொல்லுவாள்.

முதலாவது மாவு மில். கழற்றுவதற்குள் அவளும் "கேக்குது" என்றாள்.

இரண்டாவதைப் போட்டதும் அசீமுக்குக் கண் கலங்கியது. டிரம்மின் ஒவ்வொரு உதையும் தனித்தனியாக, படிக்கட்டில் இறங்குகிற மாதிரி வந்தது. கிடார் கரகரத்தது, கிழிக்கவில்லை. கண்ணாடி உறுத்தவில்லை. இவ்வளவு நாள் எங்கே இருந்தாய் என்று கேட்க நினைத்தான்.

"கேக்குது," என்றாள் ஷாஹீதா.

அவன் அதைக் குழந்தையைப் போலக் கழற்றி வைத்தான். மூன்றாவதும் கேட்டது. நாலாவதைத் தலையில் மாட்டிக்கொண்டு, கை பழக்கத்தில் போனைத் தட்டினான்.

"கேக்குது."

அசீம் எதிரே பார்த்தான். நாலாவது ஹெட்போனின் வயர் நுனி இன்னும் செல்வக்குமார் கையில் இருந்தது. போனில் செருகவே இல்லை. போனின் சொந்த ஸ்பீக்கரும் மியூட்டில் இருந்தது. கடையில் ஃபேன் ஓடுவதைத் தவிர ஒரு சத்தமும் இல்லை. செல்வக்குமார் வயரையும் ஷாஹீதாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வாயைத் திறக்கப் போனார்.

அசீம் வேண்டாம் என்று தலையசைத்தான். ஷாஹீதாவின் கண்கள் மூடித்தான் இருந்தன. கண்ணுக்குக் கீழே நைட் டூட்டியில் தொலைத்த தூக்கமெல்லாம் கருப்பாகத் தேங்கியிருந்தது. அடக்கிய சிரிப்பில் உதட்டோரம் மட்டும் துடித்தது.

"அடுத்தத எடுங்கண்ணே," என்றான் அசீம்.