பேசக்கூடாத அறை

பரத்வாஜ் தானாகக் கயலைப் போனில் கூப்பிட்டது ஒரே ஒரு தடவைதான். தன் ஆன்லைன் படிப்பு அறையில் அவளைச் சேர்த்துக்கொண்ட அன்று.

"காமிரா எப்பவும் ஆன்ல இருக்கணும். மைக் ஆஃப்ல இருக்கணும். பேசவே கூடாது. நாங்க உன்னைப் பாத்துண்டே இருக்கோம்னு தெரிஞ்சா உனக்குத் தூக்கமும் வராது, சோம்பலும் வராது. ஆனா நீ மத்தவாளைப் பாக்கப்படாது. புரியறதா?"

நீங்கள் மட்டும் பார்க்கலாமா என்று கேட்க நினைத்தாள் கயல். கேட்கவில்லை. மயிலாப்பூரிலிருந்து பேசிய அவன் குரூப் ஒன் தேர்வில் இரண்டு முறை நேர்முகம் வரை போய் வந்தவன். அவளோ முதல்நிலையிலேயே கோட்டை விட்டவள். கோட்டூர்புரம் குடியிருப்பில், டி.வி. சத்தத்துக்கும் குக்கர் விசிலுக்கும் நடுவில் புத்தகத்தைப் பிரித்தால் பத்துப் பக்கம் தாண்டாது. அந்த அறையில் சேர்ந்த பிறகு தாண்டியது. அதனால் வாயை மூடிக்கொண்டாள்.

லேப்டாப் திரையில் நான்கு கட்டங்கள். பரத்வாஜ், குருபிரசாத், ஸ்நேஹா, கயல். நான்கு குனிந்த தலைகள். ஆழ்வார்பேட்டை ஸ்நேஹாதான் அங்கே எல்லோருக்கும் உதாரணம். காதில் ஹெட்போன், அதில் ஓயாத மழைச் சத்தம். போனை நேரப்பூட்டு வைத்த கண்ணாடி டப்பாவில் போட்டு மூடிவிடுவாள். குறித்த நேரம் ஆகாமல் அவளே நினைத்தாலும் திறக்க முடியாது. மற்றவர்களின் கட்டங்களைக்கூட மறைத்து, அறையின் சத்தத்தையும் அணைத்துவிட்டுத்தான் படிப்பாள் என்று பரத்வாஜ் பெருமையாக எழுதியிருந்தான்.

கயலுக்கு அந்தப் பெண்ணைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. அவளை நிமிர்ந்து பார்த்த மறுநொடி திரையின் ஓரத்தில் பரத்வாஜிடமிருந்து ஒரு வரி வரும்.

'கயல், கண்ணு எங்க போறது?'

முதல் தடவை வெட்கமாக இருந்தது. போகப்போக, காமிரா இல்லாத நேரத்திலும் தலை நிமிரப் பயமாக இருந்தது. சாப்பிடும்போது அப்பா ரகுபதி ஏதோ கேட்டால், தட்டைப் பார்த்தபடியே பதில் சொல்ல ஆரம்பித்தாள்.

"இன்னாடா கண்ணு, கோவமா?" என்றார் அவர் ஒருநாள்.

"இல்ல நைனா. படிச்சதை மனசுல ஓட்டிக்கினு இருக்கேன்."

அவர் ஆட்டோ சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று வெள்ளிக்கிழமை, விளக்கு வைக்கும் நேரம். மாதிரித் தேர்வு நடந்துகொண்டிருந்தது. ஒரு கணக்கு சிக்கிக்கொண்டதால் கயலின் கண் வழக்கம்போலத் தப்பிப் போனது. ஸ்நேஹாவின் முதுகுக்குப் பின்னால் கூடம் தெரிந்தது. கூடத்தின் கோடியில் வாசற்கதவு. கதவுக்குப் பக்கத்தில், எலெக்ட்ரிக் ஸ்கூட்டரிலிருந்து கழற்றிக் கொண்டுவந்த பேட்டரி சார்ஜில் இருந்தது. அதன் அருகே மெல்லிய புகை.

சாம்பிராணி போட்டிருப்பார்கள் என்று கயல் தனக்கே சொல்லிக்கொண்டாள். வெள்ளிக்கிழமை அல்லவா.

'கயல், கண்ணு.'

சட்டென்று குனிந்தாள். ஒரு கேள்வியை முடித்தாள். இன்னொன்றையும் முடித்தாள். நிமிரக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்ததைப் படித்தாள். ஒரு எழுத்தும் ஏறவில்லை.

துணி மடிக்க வந்த அம்மா தேவானை அவள் தோளுக்குப் பின்னால் நின்றாள்.

"இன்னாடி இது, அந்தப் பொண்ணு வூட்ல கருப்பா பொகை வர்து? அது பாட்டுக்கும் படிச்சிக்கினு கீது?"

கயல் நிமிர்ந்தாள். கதவு தெரியவில்லை. கரும்புகை கூரையைத் தொட்டு, அங்கிருந்து அறையை நோக்கி மெதுவாக வந்துகொண்டிருந்தது. அதற்குக் கீழே ஸ்நேஹா பேனாவைக் கடித்தபடி யோசித்துக்கொண்டிருந்தாள்.

கயல் மைக்கைப் போட்டு, "ஸ்நேஹா! பின்னாடி பாரு! நெருப்பு!" என்று கத்தினாள்.

குருபிரசாத் திடுக்கிட்டு இங்கும் அங்கும் பார்த்தான். ஸ்நேஹா அசையவில்லை. மறுபடி கத்த வாயெடுத்தபோது கயலின் மைக் தானாக அணைந்தது. பரத்வாஜ் அணைத்திருந்தான்.

'டெஸ்ட் முடியட்டும்' என்று ஒரு வரி.

ஸ்நேஹாவுக்குப் போன் போட்டாள். திரையில் டப்பாவுக்குள் வெளிச்சம் மினுங்கி அணைந்தது, மறுபடி மினுங்கியது. ஸ்நேஹாவின் முழங்கைக்குப் பக்கத்திலேயே அது இருந்தது. அவள் பார்க்கவில்லை.

வீட்டு விலாசம் யாருக்குத் தெரியும்? அப்போதுதான் திரையில் ஸ்நேஹாவின் அறைச் சுவரில் தினசரி காலண்டர் கயலின் கண்ணில் பட்டது. பெரிய எழுத்தில் ஒரு மருந்துக்கடை பெயர், அடியில் நம்பர். அதற்குப் போன் போட்டாள்.

"அண்ணே, உங்க கடை காலண்டர் மாட்டுன வீடு... ஸ்நேஹான்னு ஒரு பொண்ணு, பரீட்சைக்குப் படிக்குது... வீட்ல நெருப்புண்ணே!"

"யாரும்மா நீ? ஸ்நேஹா... அனந்தராமன் சார் பொண்ணா? எதிர் மாடிதாம்மா. சாரும் மாமியும் இப்பத்தானே கோயிலுக்குப் போனாங்க?" பஞ்சாட்சரம் என்ற அந்தக் கடைக்காரர் வெளியே வந்து அண்ணாந்து பார்த்திருக்க வேண்டும். "ஐயோ!" என்றார். போன் கையிலிருந்து விழும் சத்தம் கேட்டது.

திரையில் ஸ்நேஹா இருமினாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு பக்கத்தைத் திருப்பினாள். மறுபடி இருமினாள். பிறகு ஏதோ உறைத்தவள்போல ஹெட்போனைக் கழற்றித் திரும்பினாள். அவள் முகத்தைக் கயல் பார்க்கவில்லை. எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்ததை மட்டும் பார்த்தாள். கட்டம் கறுத்தது.

மூன்று கட்டங்கள் மிச்சம். ஒன்றில் குருபிரசாத் வாயைப் பொத்திக்கொண்டிருந்தான். ஒன்றில் பரத்வாஜ் எழுதிக்கொண்டிருந்தான்.

பஞ்சாட்சரம் கூப்பிட வெகுநேரம் ஆனது. மெயினை அணைத்துவிட்டு, பக்கத்தில் வெள்ளையடிக்க வந்தவர்களின் ஏணியை வைத்து பால்கனி வழியாக அவளை இறக்கியிருந்தார்கள். வாசற்கதவு வழியாகத் தப்பிக்கத் தாழ்ப்பாளைப் பிடித்ததில் அவளது வலது உள்ளங்கை வெந்துபோயிருந்தது. உயிருக்கு ஒன்றுமில்லை. "இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா..." என்றார்.

மறுநாள் கயல் பரத்வாஜைப் போனில் பிடித்தாள்.

"புகையைப் பாத்தீங்களா இல்லையா?"

"பாத்தேன்." குரலில் தயக்கமே இல்லை. "ஆத்துல யாராவது இருப்பான்னு நினைச்சேன். எனக்கு மூணு கேள்விதான் பாக்கி இருந்தது. ஏன், நீயும்தானே குனிஞ்சுண்டே?"

போனை வைத்த பிறகும் அந்தக் கேள்வி கயலின் காதிலேயே நின்றது.

ஸ்நேஹாவை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தாள். முதல்முறையாக நேரில். கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அவள் கேட்டது ஒன்றுதான்.

"எனக்குப் பதிலா யாரையாவது சேர்த்துட்டாங்களா?"

சேர்த்திருந்தார்கள். திங்கட்கிழமை வழக்கமான நேரத்துக்கு இணைப்பு வந்தது. போகக்கூடாது என்றுதான் கயல் நினைத்தாள், கை அழுத்திவிட்டது. மறுபடியும் நான்கு கட்டங்கள். நான்காவதில் ஜுவேரியா என்று பெயர் போட்டிருந்த ஒரு சின்னப் பெண், காதில் ஹெட்போனோடு குனிந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் இருட்டாக ஒரு கதவு பாதி திறந்து கிடந்தது.

கயல் மைக்கைப் போட்டாள்.

"ஏய் பொண்ணு, ஜுவேரியா! உன் வூடு எங்க கீது? விலாசம் சொல்லு. வூட்ல யார் கீறாங்க?"

ஜுவேரியா நிமிர்ந்தாள். நேராகக் கயலைப் பார்த்து ஏதோ சொன்னாள். உதடுகள் மட்டும் அசைந்தன, அவள் மைக் அணைந்திருந்தது. இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கயல் கையைக் காட்டுவதற்குள், நீங்கள் இந்த அறையிலிருந்து நீக்கப்பட்டீர்கள் என்று திரையில் வந்தது.