நண்பகலில் திறந்த மதகு

அறுந்து தொங்கிய செருப்பைக் கரைச்சேற்றில் வீசிவிட்டு, திரும்பியும் பாராமல் விரைந்தான் மதகுகாவலன். அவனுக்கு இடப்புறம், வெறியாட்டம் தணிந்து, இரைதின்ற களைப்பில் புரளும் மலைப்பாம்பெனப் பழுப்புநிறப் பேராறு ஊர்ந்துகொண்டிருந்தது. வலப்புறம், வேரொடு சாய்ந்த மரங்களும் கூரையிழந்த வீடுகளும் காலை இளவெயிலில் ஈரம் உலர்த்திக் கிடந்தன. நெடுந்தொலைவில், ஆறு வளையுமிடத்தில், மாநகரின் புகைக்கூண்டுகள் வெளிறிய வானில் இழுத்த கரிக்கோடுகளாய்த் தெரிந்தன. சாலைகள் உடைந்து வண்டிகள் ஓடாமையால், மாலை ஐந்து மணிக்குள் விசாரணை அலுவலகத்தை அடைந்து வாக்குமூலம் தர அவனுக்கு இக்கரையன்றி வேறு வழியில்லை.

ஐந்து தவறினால், கீழ்த்தெருவில் பதினொருவரை ஆறு வாரிச்சென்ற பழி அவன் தலையில் எழுதப்படும். விடியலில் சிறிது சிறிதாகத் திறந்திருக்கவேண்டிய மதகை நண்பகலில் ஒருசேரத் திறந்தவன் அவனே. எனினும், திறக்கச் சொல்லும் ஆணை அவன் செவிக்கு எட்டியதே நண்பகலில்தான். விடியலில் வந்த ஆணையைச் சொல்லாமல் உறங்கிப்போனவன் அணை அலுவலகத் தொலைபேசிப் பணியாளன். மதகுகாவலனுடைய மனைவியின் தம்பி. இப்போது பத்தடி பின்னே நொண்டிக்கொண்டு வருபவன்.

"மாமா, கொஞ்சம் உக்காந்துட்டுப் போலாம். கால் பூரா கொப்புளம்."

"உக்காருடா. அன்னிக்குத் தூங்கின மாதிரி நல்லா தூங்கு. நான் போறேன்."

"குத்திக்காட்டாதீங்க. உங்களைத் தனியா விட்டா அக்கா என் தோலை உரிச்சிடும்."

"அவளா? இடுப்பை விட்டு இறக்காம வளத்தவ, உன்னை அதட்டக்கூட மாட்டா!"

பகல் சாயும் வேளையில், கரையுடைந்து கால்வாய் ஒன்று குறுக்கே பாய்ந்தது. நீந்தத் தெரியாதென்று நின்றுவிட்டவனைத் தோளில் ஏற்றிக்கொண்டு, மார்பளவு நீரில் இறங்கினான் மதகுகாவலன்.

"மாமா... என் பேரைச் சொல்லித்தான் ஆகணுமா?"

"பதினோரு உசுருடா. நடந்ததைச் சொல்லுவேன். ஜெயிலுக்குப் போயிட்டு வா. வெளிய வந்தா என் வீட்ல உனக்குச் சோறு இருக்கு."

"நீங்க சொன்னா நம்புவாங்களா?"

"போன் வந்தப்ப உங்கக்கா பக்கத்துலதான் நின்னா. மணி பன்னெண்டுன்னு அவதான் பாத்துச் சொன்னா. வெள்ளத்தன்னிக்குப் படகுல வந்து ஏத்திட்டுப் போனாங்களே, டவுன்ல உங்கம்மா வீட்லதான இருக்கா? கூப்பிட்டா வந்து சொல்லிட்டுப் போறா."

தோளில் இருந்தவன் மதகுகாவலனின் தலைமயிரை இறுகப் பற்றிக்கொண்டான்.

கடைக்காரர்கள் சேற்றை வாரிக் கொட்டிக்கொண்டிருந்த தெருக்களைக் கடந்து, அவர்கள் படியேறியபோது மணி நான்கு நாற்பது. நனைந்த கோப்புகள் நாற்காலிகளின் முதுகில் உலர்ந்துகொண்டிருந்த அறையில், மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி நிமிர்ந்தார் அதிகாரி.

"மதகுகாரரா? உங்க விஷயம் முடிஞ்சுபோச்சேப்பா."

"அஞ்சு மணி வரைக்கும் நேரம் இருக்கு சார்!"

"இருக்கு. ஆனா சாட்சி நேத்தே வந்தாச்சு." அவர் தாளைப் பிரித்துப் படித்தார்: "விடியற்காலை நான்கு மணிக்குத் தொலைபேசி ஒலித்தது. மதகுகாவலர் எடுத்துப் பேசினார். பிறகு மீண்டும் படுத்துக்கொண்டார்."

"பொய் சார்! யார் சொன்னது?"

அதிகாரி தாளை அவன் பக்கம் திருப்பினார். மைத்துனனோ சுவரைப் பார்த்து நின்றான். தாளின் அடியில், நேற்றைய நாளிட்டு, ஓர் எழுத்தேனும் நடுங்காமல், நேர்கோடாக நின்றது மதகுகாவலனுடைய மனைவியின் கையொப்பம்.