வாசனையா அடிக்கறது, சிஸ்டர்

1

இந்தக் கதை ஒரு கைக்குட்டையிலிருந்து வந்தது. 1979இல் எங்கள் கான்வென்ட்டின் ஆறாம் வகுப்பைத் திருச்சியிலிருந்து துறையூர் வழியாகப் பச்சைமலைக்கு பஸ்ஸில் கூட்டிப்போனார்கள். காட்டுமல்லி மண்டிக்கிடந்த பாதையில் எல்லோரும் மூச்சை இழுத்து இழுத்து நடக்க, வேதவதி மட்டும் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தாள்.

காடு பச்சைப் பட்டுடுத்தி எங்களை வரவேற்

(வேண்டாம். காட்டுக்கு எதற்குப் பட்டு?)

2

"ஏன்டி மூக்கப் பொத்திக்கிட்டு வர்ற? நாத்தமா அடிக்குது?" என்றார் சிஸ்டர்.

"இல்ல சிஸ்டர். வாசனையா அடிக்கறது."

வகுப்பே சிரித்தது. நானும்தான்.*

* வேதவதியின் அப்பா ஸ்ரீரங்கத்தில் பெருமாளுக்கு மாலை கட்டுபவர். சாத்துவதற்கு முன் முகர்ந்துவிட்ட பூ பெருமாளுக்கு ஆகாது. அவர்கள் வீட்டில் பூத்தொடுக்கும்போது குழந்தைகள்கூட மூக்கில் துணி கட்டிக்கொள்வார்கள். பூவைக் கண்டாலே அவள் கை தானாக மூக்குக்குப் போய்விடும்.

3

செல்வமேரி என்கிற என்னைக் கதைக்குள் விடலாமா என்று யோசித்தேன். விடாமல் முடியாது, வேதவதி பக்கத்தில் நடந்தது நான்தான்.

"நாங்க மாதாவுக்கே மோந்து பாத்துட்டுத்தான் வைப்போம்" என்றேன். "வாசனை இல்லாத பூவ எப்படி வைக்கிறது?"

அவள் கொஞ்ச தூரம் போனதும் ஒரு கொடியைக் காட்டி, "இது யாருக்குடி பூத்திருக்கு?" என்றாள்.

"யாருக்கும் இல்ல. சும்மா பூத்திருக்கு."

வேதவதி நின்றுவிட்டாள். யாருக்கும் இல்லாத பூவை அவள் அதுவரை பார்த்ததில்லை. கைக்குட்டை சற்றே இறங்கியது. [இறங்கியதாக எனக்கு ஆசை.] அந்த நேரம் பார்த்து சிஸ்டர் விசில் ஊதினார். சிஸ்டர் என்றால் எனக்குக் குலைநடுக்கம். ஓடிவிட்டேன்.

4

முடிவு அ: முகர்ந்து பார்த்தாள்.

முடிவு ஆ: "இங்கயும் பெருமாள் இருப்பாரே" என்று பொத்திக்கொண்டே வந்தாள்.

இரண்டையும் எழுதி இரண்டையும் அடித்துவிட்டேன். பஸ்ஸில் கேட்டிருக்கலாம், அவள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். அப்புறம் கேட்டுக்கொள்ளலாம் என்றிருந்தேன். பரீட்சை முடிந்ததும் அவர்கள் திருப்பதிக்குக் குடிபோய்விட்டார்கள். கதைதானே, எழுதிவிட்டால் போகிறது என்பீர்கள். அவள் மூச்சை நான் எப்படி இழுப்பது? எனக்கு அவளைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது, அவ்வளவுதான்.

உங்களுக்கு சிஸ்டரிடம் பயமில்லை. விசில் ஊதினால் ஊதட்டும், அந்தக் கொடியருகே நில்லுங்கள். அவள் இன்னும் அங்கேதான் நிற்கிறாள், கைக்குட்டையோடு.

அவசரப்படுத்தாதீர்கள்.