நடுவில் விட்ட கரும்பு

மணலூர்பேட்டையில் அரங்கநாதனின் கரும்பு வெட்டு முடியும் நாள். கரும்பு நின்றவரை பெண்களுக்கு ஒதுங்க மறைவு இருந்தது. வெட்ட வெட்ட வயல் வெளிச்சமாகிவிட்டது. அதனால் நடுவில் ஒரு திட்டுக் கரும்பை மட்டும் கடைசிவரை விட்டுவைத்தார்கள். மேஸ்திரி இருசப்பனுக்கு இது தெரியும். வெட்டும் பெண்களில் அவன் மனைவி பெரியம்மாளும் ஒருத்தி.

கொளஞ்சியம்மாள் அந்தத் திட்டுக்கும் போகமாட்டாள். ஆண்கள் பார்க்க எழுந்து நடப்பதே கூச்சம். காலையிலிருந்து அடக்கி, வீட்டுக்குப் போய்த்தான். அதற்காகத் தண்ணீரும் குடிப்பதில்லை. போன மாதம் எரிச்சலும் குளிர்காய்ச்சலும் வந்து படுத்தாள். இனியும் அடக்கினால் சிறுநீரகம் கெடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

மதியம் அடிவயிறு மறுபடி கடுத்தது.

"இன்னாடி, மூஞ்சி கோணிக்கினு போவுது?" என்றாள் பெரியம்மாள்.

"ஒண்ணுமில்லக்கா."

"போன மாசமும் அப்பிடித்தான் சொன்ன. ஊசி போட்டப்ப நீ கத்துன கத்துல ஆஸ்பத்திரியே எழுந்து நின்னுச்சு. போடி, அந்தத் திட்டையும் வெட்டிடப் போறாங்க."

கொளஞ்சியம்மாள் காய்ந்த கரும்புச் சோகை பொறுக்கப் போகிறவள்போலத் திட்டுக்குள்ளே போனாள்.

அரங்கநாதன் அப்போதுதான் வந்து இறங்கினார். "லாரி நிக்குது. நடுவுல அத இன்னாத்துக்கு வுட்டு வச்சிருக்கே?"

இதை முதலாளியிடம் எப்படிச் சொல்வது என்று இருசப்பனுக்குத் தெரியவில்லை. "வெதைக் கரும்புங்க."

"முத்துன கரும்புல இன்னாய்யா வெதை? தள்ளு, பாக்கறேன்."

"மொதலாளி, நில்லுங்க!" என்றாள் பெரியம்மாள். "அந்த வெதைக்குள்ள கொளஞ்சி கீறா."

அவர் தூக்கிய காலை அங்கேயே வைத்தார். திரும்பி, வயலுக்கு அந்தப் பக்கம் ஓடும் ஆற்றைப் பார்த்தார். எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள். அரிவாள்களும் நின்றுவிட்டன.

திட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. "அக்கா, எதுனா பேசிக்கினே இருங்க. வரமாட்டேங்குது."

"இத்தினி வருசமா வராத வராதன்னு அதட்டி வச்சிட்டு, வான்னா ஒடனே வந்துடுமா?"

அரங்கநாதன் தொண்டையைச் செருமினார். இருசப்பனிடம் மழையைப் பற்றி உரக்கக் கேட்டார். அவனும் உரக்கச் சொன்னான். அது போதவில்லை. லாரிப் பக்கம் கையைக் காட்டினார்.

"பழனி, வண்டிய ஸ்டார்ட் பண்ணு."

"இன்னும் லோடு ஏறலீங்களே."

"பண்ணுய்யா. நல்லா ரெய்ஸ் பண்ணு."

லாரி அதிர்ந்து புகை கக்கியது. பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள்.

வெகுநேரம் கழித்துக் கொளஞ்சியம்மாள் வெளியே வந்தாள். பழனி வண்டியை நிறுத்தினான்.

"நாளைக்கு மேலக் கழனி வெட்டு" என்றார் அரங்கநாதன், ஆற்றைப் பார்த்தபடியே. "எந்த எடத்த வுடணும்னு பொம்பளைங்களே சொல்லிடுங்க."

கொளஞ்சியம்மாள் முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். அதற்குள்ளிருந்தபடியே சொன்னாள்:

"லாரி நிக்கிற எடத்துக்குப் பக்கமா வுடுங்க மொதலாளி."