முதல் இரண்டு வரிகள்

புதிய வெப்சைட்டுக்கு ஒன்றே கால் லட்சம் ஆகும் என்று, அதைக் கட்டித்தர வந்திருந்த பெண் ஷ்வேதா சொன்னதும் ருக்மிணி மனசுக்குள் கணக்குப் போட்டாள். டெல்லி கோல் மார்க்கெட் பின்தெருவில் திவசச் சமையல் செய்து பிழைக்கிறவள் அவள். வாழைக்காயும் பாகற்காயும் நறுக்கி அந்தத் தொகையைச் சேர்க்கப் பத்து மாதமாவது ஆகும். குர்காவ்னிலிருந்து மகன் அர்விந்த் வேறு, சுத்த வேஸ்ட், அந்தப் பணத்தை பாங்கிலேயே வைம்மா என்று போனில் பாடம் எடுத்திருந்தான்.

பழைய வெப்சைட் அவள் கணவர் கல்யாணராமன் கட்டியது. சர்க்கார் உத்தியோகத்திலிருந்து ரிடையரான கையோடு வீடியோ பார்த்துத் தானே கற்றுக்கொண்டு, மூன்று மாதம் வீட்டில் ஒருத்தரையும் நிம்மதியாக இருக்கவிடாமல் கட்டினார். யார் வீட்டிலாவது திதி நெருங்கினால் பத்து நாள் முன்னால் அதுவே அவர்களுக்கு மெசேஜ் அனுப்பும். அவர் போய் இரண்டு வருஷமாகியும் அது பாட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. பதில்கள்தான் குறைந்துகொண்டே வந்தன. போன மாதம் முழுக்க நாலே சமையல்.

காலை பதினோரு மணி வெயில் மேஜைமேல் விழுந்திருந்தது. ஷ்வேதா லேப்டாப்பைத் திறந்து, உங்களுக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு கஸ்டமர்கள் இருக்கிறார்கள் ஆன்ட்டி என்று உற்சாகமாகப் பெயர்களைப் படித்தாள். ராமசுப்ரமணியன், ராஜம், சந்திரசேகர்... ருக்மிணிக்குச் சிரிப்பு வந்தது. இவர்களில் ஒருத்தர்கூட உயிரோடு இல்லை என்றாள். இந்தத் தொழிலில் கணக்கு அப்படித்தான். யாருக்குத் திதியோ அவர் பெயரில்தான் எழுதுவார்கள். போன் நம்பர் மட்டும் பிள்ளைகளுடையது. டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த ஷ்வேதா விரலைத் திரையிலிருந்து சட்டென்று எடுத்துக்கொண்டாள்.

ஆனால் கெட்டிக்காரப் பெண். கோளாறு எங்கே என்று பத்து நிமிஷத்தில் பிடித்துவிட்டாள். மெசேஜ் எல்லாம் தமிழில் போகிறது. வாங்குகிற பிள்ளைகளில் பாதிப் பேருக்குத் தமிழ் படிக்க வராது. ஏதோ விளம்பரம் என்று தள்ளிவிடுகிறார்கள். அப்பாவின் திதி வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. இங்கிலீஷிலும் ஹிந்தியிலும் அனுப்பினால் பழைய குடும்பங்களில் பாதியாவது திரும்பி வரும், பதினாலு மாதத்தில் போட்ட பணம் கைக்கு வந்துவிடும் என்று தாளில் எழுதியே காட்டினாள்.

பிறகு பழைய பதிவுகளைச் சரிபார்க்கலாம் என்று பட்டியலின் தலைக்குப் போனாள்.

"இந்த முதல் ரெண்டும் டெஸ்ட் என்ட்ரி போலிருக்கு ஆன்ட்டி. எட்டு வருஷம் முன்னாடி போட்டது. டிலீட் பண்ணிடவா?"

ருக்மிணி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தாள். முதல் வரியில், கல்யாணராமன். ஆவணி, தேய்பிறை, சப்தமி.

அவர் போனது ஆவணித் தேய்பிறைச் சப்தமியில்தான்.

எட்டு வருஷம் முன்னால் அதைப் போட்ட அன்றைக்கு நடந்தது அப்படியே ஞாபகம் வந்தது. அவள் அடுப்படியில் எள்ளுருண்டைக்குப் பாகு பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளேயிருந்து அவர் குரல் கொடுத்தார். வெப்சைட் வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும், அடுத்தவன் பெயரைப் போட்டால் அடிக்க வருவான், அதனால் தன் பெயரையே போடப் போகிறாராம். வாய்க்கு வந்த திதி ஒன்றைச் சொல்லு என்றார். பாகு முறுகிவிடப் போகிறதே என்ற எரிச்சலில் அவள்தான் சொன்னாள். ஆவணி, தேய்பிறை, சப்தமி. அவள் வாயால் சொன்னது. ஆறு வருஷம் அந்த வரி இங்கே உட்கார்ந்து காத்திருந்திருக்கிறது.

இரண்டாவது வரியில் அவள் பெயர் இருந்தது.

ருக்மிணி. மார்கழி, வளர்பிறை, ஏகாதசி. இதை அவளிடம் கேட்காமல் அவராகவே போட்டிருக்கிறார். பெண்டாட்டிக்கு என்று புண்ணிய நாளாகப் பார்த்துப் பொறுக்கியிருக்கிறார், மனுஷர். வருஷம் போட அந்தப் பட்டியலில் இடமே இல்லை. இப்போது ஆடி மாதம். ஷ்வேதா சொன்ன பதினாலு மாதத்துக்குள் ஒரு மார்கழி வந்துவிடுகிறது. ருக்மிணிக்குப் பயமாக இருந்தது. அந்த வரியை உடனே அழித்துவிடச் சொல்ல வாயெடுத்தாள்.

அப்போதுதான் இரண்டு வரிகளுக்கும் எதிரே இருந்த நம்பர் கண்ணில் பட்டது. அவருடைய நம்பர். அந்த போன் சார்ஜ் இல்லாமல் பீரோவுக்குள் கிடக்கிறது. போன ஆவணியில் அர்விந்துக்கு அப்பாவின் திதியை அவள்தான் மூன்று தடவை போன் பண்ணிச் சொன்னாள். அது எந்த டேட்டில் வருகிறது அம்மா என்று ஒவ்வொரு தடவையும் அவன் புதிதாகக் கேட்டான்.

அவள் அழிக்கச் சொல்லவில்லை. இங்கிலீஷில் போனால் தேதியும் சேர்ந்து போகுமா என்று மட்டும் விசாரித்தாள். போகும் என்றாள் ஷ்வேதா. ருக்மிணி எழுந்து போய்ச் செக் புக்கை எடுத்துவந்தாள்.

"ரெண்டு வரியும் அப்படியே இருக்கட்டும். நம்பரை மட்டும் மாத்தி அர்விந்த் நம்பரைப் போடு."

"ரெண்டாவது நீங்களாச்சே ஆன்ட்டி. நீங்க இருக்கேளே."

"முதல் வரியை ஞாபகப்படுத்த நான் இருக்கேன்" என்றாள் ருக்மிணி. "ரெண்டாவதை அவனுக்கு யார் சொல்லுவா?"

ஷ்வேதா நம்பரைக் கேட்டாள். ருக்மிணி ஒவ்வொரு எண்ணாக நிதானமாகச் சொன்னாள்.