ஈர மணலில் எடுத்த அளவு

1

இந்தக் கதை ஒரு மனிதரின் புட்டத்திலிருந்து தொடங்கியது. வேறு நாகரிகமாகச் சொல்லிப் பார்த்தேன், வரவில்லை. 1976இல் தூத்துக்குடிக் கடற்கரையில் தேவபிரசாதம் என்கிற மீன் ஏஜெண்டு ஈர மணலில் உட்கார்ந்து எழுந்தார். அவர் விட்டுப்போன பள்ளத்தை ரோச் ஓடாவி அளந்தார். ஓடாவி என்றால் வள்ளம், படகு கட்டும் தச்சர். அளந்ததோ மோட்டார் சைக்கிள் சீட்டுக்கு.

நான் இதைப் பார்க்கவில்லை. ரோச் சொன்னார். நூல் மில்லில் இரவு ஷிஃப்டை விட்டபிறகு (விட்டேன் என்று சொல்வது என் வழக்கம்; தூங்கியதற்காக அனுப்பினார்கள்) பகலில் போக இடமில்லாமல் அவர் பட்டறையில் உட்கார்ந்திருப்பேன்.

2

முதலில் எழுதியது: "கடல் அன்று அமைதியாக இருந்தது. தொடுவானத்தில்—"

அடித்துவிட்டேன். இந்தக் கதையில் கடலுக்கு வேலையில்லை, அதன் உப்புக்குத்தான் இருக்கிறது.

அடுத்தது: "வலி என்பது மனிதனுக்கு—"

அதையும் அடித்தேன். வலி என்பது வலி.

ஆகவே விஷயம் மட்டும். தேவபிரசாதத்துக்கு நாற்பத்தாறு வயது. விடிந்ததும் தருவைகுளம், அங்கிருந்து வடக்கே இன்னும் மூன்று கரையூர்கள். ஐஸ் கம்பெனிக்காக ஏலத்தில் மீன் எடுத்து லாரியில் ஏற்றிவிட்டு, மதியம் உப்பளங்கள் வழியாகத் திரும்ப வேண்டும். பாதி தார், பாதி மணல். வண்டி அதற்குத் தோதானது: பட்டன் டயர், தூக்கிக் கட்டிய சைலன்சர், உயர்ந்த மட்கார்டு.* அவர் முதுகுதான் தோதாக இல்லை; பதினோரு வருஷ வலி. டாக்டர் வண்டியை விட்டுவிடச் சொன்னார். வண்டியை விட்டால் ஏலத்துக்குப் பிந்துவார். பிந்தினால் வேலை போகும். அதனால் முதுகுக்குத் தோதாகச் சீட்டை மாற்றித் தரச்சொல்லி ரோச்சிடம் வந்தார்.

* எந்தக் கம்பெனி வண்டி என்று எழுதமாட்டேன். எழுதினால், அதே வண்டி வைத்திருப்பவர்கள் கதையை விட்டுவிட்டு மைலேஜ் பற்றிக் கடிதம் போடுவார்கள்.

3

"உக்காரும் வே" என்றார் ரோச்.

"இங்கனயா? வேட்டி நனையும் அண்ணாச்சி."

"மடிச்சுக் கட்டும். வண்டியில எப்படி உக்காருவீரோ அப்படி. மாதா கோயில்ல உக்காருத மாதிரி விறைச்சீருன்னா சீட்டும் கோயில் பெஞ்சு மாதிரிதான் வரும்."

தேவபிரசாதம் இல்லாத ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். வலை காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டார்கள். "ஏலே, பிரசாதம் மணல்லயே வண்டி ஓட்டுதான்! கியரைப் போடும் ஓய், அலை வருது!"

அலை வருவதற்குள் ரோச் அளந்துவிட்டார். "இடப்பக்கம் அரை விரல் ஆழம் கூட. சாஞ்சே ஓட்டியிருக்கீரு. நீரு வள்ளமா இருந்தா எப்பவோ கவுந்திருப்பீரு."

புன்னைப் பலகையில் அந்தப் பள்ளத்தையே செதுக்கினார். அதன்மேல், துறைமுகத்துப் பழைய சாமான் கடையில் வாங்கிய கப்பல் மெத்தையின் ஸ்பாஞ்சு. அதன்மேல் ரெக்சின். ஹேண்டில்பாரை நாலு விரல் உயர்த்தி, கால்வைக்கும் கட்டையை முன்னால் தள்ளினார். தினமும் வந்ததும் வண்டியை நல்ல தண்ணீரில் கழுவச் சொன்னார், இல்லையென்றால் உப்பு செயினைத் தின்றுவிடும்.

"குழாயில தண்ணி வாரதே ரெண்டு நாளைக்கு ஒருக்கா. அதுல உங்க வண்டிக்கு ஞானஸ்நானம் வேறயா?" என்றாள் தேவபிரசாதத்தின் மனைவி மெட்டில்டா.

(மெட்டில்டா மீது எனக்குச் சந்தேகம். ரோச் சொன்னதில் மனைவியே இல்லை. தண்ணீர் செலவாவது யாருக்காவது உறைக்க வேண்டுமே என்று நான் சேர்த்தேன். அடுத்த வரியில் கதையைவிட்டு அனுப்பிவிடுவதாக இருந்தேன்.)

4

வலி போய்விட்டது. பதினைந்து நாள் அவர் ராஜா மாதிரி போய்வந்தார். பதினாறாம் நாள் மதியம் வண்டியிலேயே தூங்கிப்போனார்.

இரண்டு பக்கமும் வெள்ளை. வளைவில்லாத சாலை. எஞ்சின் ஒரே சுருதியில். சீட்டோ அவருக்கென்றே செய்தது. வண்டி வரப்பேறி உப்புப் பாத்திக்குள் பாய்ந்தது. தலையில் உப்பு நிறைந்த ஓலைப்பெட்டியோடு வந்துகொண்டிருந்த உப்பளத் தொழிலாளி செல்லக்கிளிக்கும் முன்சக்கரத்துக்கும் இடையில் ஒரு முழம் இருந்தது. பெட்டி விழுந்தது.

"ஏ அண்ணாச்சி, படுக்கணும்னா பாய் கொண்டுட்டு வரணும். எங்க அளத்துலயா வந்து படுப்பீரு?"

மற்ற பெண்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அப்புறம் வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். "மூணு பிள்ளைய வச்சிருக்கேன்" என்றாள், யாரையும் பார்க்காமல்.

பதினோரு வருஷமாகத் தன்னை விழிக்க வைத்திருந்தது முதுகுவலிதான் என்று தேவபிரசாதத்துக்கு அங்கே புரிந்தது. இதைத் தத்துவமாக ஆக்க ஒரு பத்தி எழுதி, கிழித்தேன். மில்லில் நான் தூங்கினபோது அறுந்தது நூல். இவர் தூங்கினால் என்ன அறும் என்று அந்த ஒரு முழம் சொல்லிவிட்டது.

5

கதைக்கு நான் யோசித்த முடிவுகள்.

ஒன்று: கொஞ்சமாக வலிக்கிற சீட். எனக்குப் பிடித்த முடிவு. ரோச்சிடம் சொன்னேன். "மரத்தை அளப்பேன், மனுசனை அளப்பேன். வலிய அளக்க எங்கிட்ட கோல் கிடையாது தம்பி."

இரண்டு: வழியில் ஒரு மணி நேரம் மர நிழலில் தூங்கட்டும். உப்பளத்தில் மரம் இல்லை. இருந்தாலும், இரண்டு மணிக்கு லாரி ஐஸ் கம்பெனிக்கு வந்துவிடும். இறக்கும்போது அவர் அங்கே இல்லையென்றால் மீன் எடை குறையும், பழி அவர்மேல் விழும்.

மூன்று: வேலையை விடட்டும். நாற்பத்தாறு வயதில், மீனைத் தவிர வேறொன்றும் தெரியாமல், இந்த ஊரில். இதை எழுதும்போது கை சுலபமாக ஓடியது. அதனாலேயே நிறுத்தினேன்.

6

பட்டறையில் வண்டி சீட் இல்லாமல் நிற்கிறது. பலகைமேல் பழைய சீட்டும் புது சீட்டும். தேவபிரசாதம் இரண்டையும் தொடவில்லை. மெட்டில்டா வந்திருக்கிறாள். நான் கூப்பிடவில்லை.

"பழசையே மாட்டுங்க அண்ணாச்சி" என்றாள் ரோச்சிடம். "இவுகளுக்கு வலிச்சா நான் எண்ணெ தேய்ச்சுவிடுதேன்."

"நீ தேய்க்கிறது தோலுக்கு மேல ஏளா. வலி எலும்புல கிடக்கு. பழசுல போனப்ப ராத்திரி திரும்பிப் படுக்க முடியல எனக்கு."

"நீங்க திரும்பிப் படுக்கலேன்னா எனக்கும்தான் தூக்கம் கிடையாது. ஆனா பக்கத்துல கிடக்கீங்கல்லா?"

"இன்னும் ஒரு வருசம் அதுல போனா நடக்கவே மாட்டேன்."

"அளத்துல அந்தப் பொம்பள ஒரு முழத்துல தப்பிச்சுதான் இப்ப நடமாடுது. அதையும் நெனச்சுக்கிடுங்க."

ரோச் ஸ்பேனரை எடுத்தார். "விடிஞ்சா ஏலம். எதை மாட்ட?"

அன்று எதை மாட்டினார் என்று கேட்டால் ரோச் சொல்வார். நான் கேட்கவில்லை. தெரிந்துகொண்டால் அதுதான் சரி என்று எழுதிவிடுவேன்.

நாலு போல்ட்தான். நீங்களே சொல்லுங்கள். வண்டியில் உட்காரப்போவது நீங்களில்லை. பெட்டியோடு வரப்பில் நடக்கப்போவதும் நீங்களில்லை. அதனால் உடனே சொல்லிவிடுவீர்களோ என்றுதான் பயமாக இருக்கிறது.